பீப் சைட்டில் கோளாறா, பொருத்தியதில் கோளாறா?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஒன்பதாவது படிக்கும் மகள் ஒரு வருடமாக ஏர் ரைஃபிள் பழகுகிறாள். வீட்டில் இருப்பது பேரலை மடக்கி பெல்லட் போடுகிற ஸ்பிரிங் ரைஃபிள். அமெரிக்காவில் ஒருவர் தன் லீவர் ஆக்‌ஷன் ரைஃபிளுக்குத் தனியாக வாங்கிய பீப் சைட்டை, அதாவது சின்னத் துளை வழியாகக் குறி பார்க்கிற பின்பக்க சைட்டை, பத்து நிமிடத்தில் பொருத்தி, சுட்டதெல்லாம் ஒரே இடத்தில் விழுவதை வீடியோவில் பார்த்தீர்கள். அதே மாதிரி ஒன்றை ஆன்லைனில் வரவழைத்து நீங்களே மாட்டினீர்கள். இப்போது பீப்பை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கியும் பெல்லட் ஐந்து சென்டிமீட்டர் மேலே போகிறது. அதைவிட மோசம், ஓபன் சைட்டில், அதாவது துளைக்குப் பதில் மேலே திறந்த வெட்டு இருக்கும் சைட்டில், ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிய ஐந்து பெல்லட் இப்போது டீ கிளாஸ் வாய் அளவுக்குப் பரவி விழுகிறது. பீப் மட்டமான சரக்கா, திருப்பி அனுப்பிவிட்டு விலை கூடினதை வாங்கட்டுமா என்று கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பெல்லட் ஏன் மேலே போகிறது என்பது ஒன்று. ஏன் பரவுகிறது என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் எனக்கு உறுதியாகத் தெரியும், ரைஃபிளைப் பார்க்காமலேயே சொல்லலாம். இரண்டாவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். எது என்பதை நீங்கள்தான் வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டும், எப்படி என்பதைச் சொல்கிறேன். அதுவரை பீப்பைத் திருப்பி அனுப்ப வேண்டாம். நான் ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிறவனாக, 17 வருடம் இருந்தவன். இப்போது வீடு பெரம்பூரில். பிள்ளைகள் பழகுகிற ஏர் ரைஃபிள்களைப் பார்த்துக்கொடுக்கிறேன். உங்களுடையது போன்ற புகாரோடு வருடத்துக்கு நான்கைந்து பேராவது வருகிறார்கள். அநேகமாக எல்லோரும் முதலில் பீப்பைத்தான் குறை சொல்கிறார்கள்.

அந்த வீடியோவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே சரியாக வந்தது இங்கே ஏன் வரவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் லீவர் ஆக்‌ஷன் என்றால் பெரும்பாலும் வின்செஸ்டர் 94 அல்லது மார்லின் 336. முன்னது ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1894-ல் வந்தது. பின்னது 1948-ல் வந்தது. ட்ரிகர் கார்டோடு சேர்ந்திருக்கும் லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் காலி கேஸ் வெளியே போய் அடுத்த தோட்டா உள்ளே ஏறும். இவற்றுக்குக் கம்பெனி போட்டு அனுப்பும் ஓபன் சைட்டை விட்டுவிட்டு பீப் வாங்கிப் பொருத்துவது அங்கே மிகப் பழைய பழக்கம். வில்லியம் லைமன் என்பவர் தன் பீப் சைட்டுக்கு 1879-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். பழைய வின்செஸ்டர் காலி கேஸை மேல்பக்கமாக வீசும் என்பதால் பீப்பை ரிசீவரின் (பேரலுக்குப் பின்னால் இருக்கும் துப்பாக்கியின் உடல்பகுதி) பக்கவாட்டிலோ, அதற்குப் பின்னால் கைப்பிடிமேல் நீளும் வால் தகட்டிலோ மாட்டுவார்கள். மார்லின் வலது பக்கமாக வீசும், அதன் மேல்தளம் மூடி இருக்கும். அந்த மேல்தளத்தில் கம்பெனியிலேயே ஓட்டை போட்டு மரை வெட்டி, சின்ன ஸ்குரூவால் அடைத்து அனுப்புகிறார்கள். அடைப்பைக் கழற்றி பீப்பை வைத்து முடுக்கினால் வேலை முடிந்தது. பத்து நிமிடம் என்பது பொய்யில்லை.

ஆனால் அந்த ரைஃபிளுக்கும் உங்களுடையதற்கும் மூன்று வித்தியாசங்கள் இருக்கின்றன. அங்கே பேரல் ரிசீவருக்குள் மரையில் இறுக்கி முறுக்கப்பட்டிருக்கிறது, அசையவே அசையாது. உங்களுடையதில் ஒவ்வொரு பெல்லட்டுக்கும் பேரல் மடங்கித் திரும்புகிறது. அங்கே பீப்பை ஸ்குரூ போட்டு ரிசீவரோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். இங்கே ரிசீவர் குழாயின் மேலே இருக்கும் டவ்டெயில் பள்ளத்தை (பக்கங்கள் சரிவாக வெட்டிய பள்ளம்) இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்திருப்பதோடு சரி. மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை: அந்த பீப் மான் வேட்டைக்குச் செய்தது. சட்டென்று தூக்கிக் குறி பார்க்க வேண்டும், சாயங்கால வெளிச்சத்திலும் தெரிய வேண்டும் என்பதற்காகத் துளையைப் பெரிதாக வைத்திருப்பார்கள். உங்கள் பாப்பா சுடுவது 10 மீட்டரில், அரை மில்லிமீட்டர் புள்ளியை.

முதலில் மேலே போகிற விஷயம். ரியர் சைட், அதாவது கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சைட், எந்தப் பக்கம் நகர்கிறதோ பெல்லட்டும் அந்தப் பக்கம் நகரும். பேரல் முனையில் இருக்கும் ஃபிரண்ட் சைட் நகர்ந்தால் பெல்லட் அதற்கு எதிர்ப்பக்கம் போகும். பயிற்சி முகாமில் முதல் வாரத்திலேயே இதை மண்டையில் ஏற்றிவிடுவார்கள். நான் பல வருடம் கையாண்ட 7.62 எஸ்.எல்.ஆர். ரைஃபிளிலும் பீப் சைட்தான். அதில் மேல்கீழ் திருத்தத்தை ஃபிரண்ட் சைட்டைத் திருகி ஏற்றி இறக்கித்தான் செய்வோம். குண்டு மேலே விழுந்தால் ஃபிரண்ட் சைட்டை உயர்த்து, கீழே விழுந்தால் தாழ்த்து. உங்கள் ரைஃபிளில் பழைய ஓபன் சைட் பேரலுக்கு மேலே தாழ்வாக உட்கார்ந்திருந்தது. புது பீப் ரிசீவருக்கு மேலே, அதைவிட உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஃபிரண்ட் சைட் மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கிறது. அதனால் பீப் வழியாகப் பார்த்து ஃபிரண்ட் சைட்டைக் குறியில் வைக்கும்போதே பேரல் வாய் மேலே தூக்கிக்கொள்கிறது. இதில் பீப்பின் தரத்துக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது. பெல்லட் எத்தனை மில்லிமீட்டர் மேலே போகிறதோ அதை இரண்டு சைட்டுக்கும் இடையே உள்ள தூரத்தால் பெருக்கி, சுடும் தூரத்தால் வகுக்க வேண்டும். உங்கள் மாதிரி ரைஃபிளில் ரிசீவரின் பின்கோடியில் பீப்பை வைத்தால் அங்கிருந்து ஃபிரண்ட் சைட்டுக்கு 700 மி.மீ. இருக்கும் என்று வைத்துக்கொள்வோம், டேப் வைத்து அளந்து சரியான எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். 50 மி.மீ. மேலே போகிறது, 10 மீட்டர் என்றால் 10,000 மி.மீ. ஐம்பதை எழுநூறால் பெருக்கிப் பத்தாயிரத்தால் வகுத்தால் 3.5. ஃபிரண்ட் சைட் மூன்றரை மில்லிமீட்டர் உயர வேண்டும். பீப் இப்போது அடிமட்டத்தில் நிற்கிறது என்பதால், பிறகு இரண்டு பக்கமும் திருக இடம் வேண்டும். பீப்பை அதன் ஓட்டத்தின் நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி சுட்டுப் பார்த்து, அந்த அளவை வைத்தே கணக்குப் போடுங்கள். இன்னும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடும்.

உயர்த்துவதற்கு இரண்டு வழி உண்டு. பேரல் முனையில் ஃபிரண்ட் சைட்டும் டவ்டெயிலில் உட்கார்ந்திருந்தால், உள்ளே வளையம் மாற்றக்கூடிய குழாய் வடிவ ஃபிரண்ட் சைட்டை வாங்கி மாட்டலாம். அது இயல்பாகவே உயரமாக இருக்கும், பாப்பாவின் பழக்கத்துக்கும் அதுதான் நல்லது. அப்படி இல்லையென்றால் இருக்கிற சைட்டுக்கு அடியில் வைக்க ஒரு பித்தளைத் துண்டை லேத்தில் கடைந்து வாங்குங்கள். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் லேத் பட்டறைகளுக்கா குறைச்சல்? பழைய சைட்டைக் கையில் கொடுத்து, இதைவிட இவ்வளவு உயரம் என்று வெர்னியரில் காட்டினால் போதும். கணக்கில் வந்ததைவிட ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகவே செய்யச் சொல்லுங்கள். உயரம் கூடினால் அரத்தால் அராவிக் குறைத்துக்கொள்ளலாம். குறைந்துபோனால் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். வீடியோவில் ஸ்குரூ போட்டு மாட்டினார்களே என்று உங்கள் ரைஃபிளின் மேல் ஓட்டை போட்டுவிடாதீர்கள். லீவர் ஆக்‌ஷன் ரிசீவர் கனமான இரும்புக் கட்டி. ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் நீங்கள் ரிசீவர் என்று நினைப்பது பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர். டிரில் உள்ளே இறங்கினால் ஓட்டையின் விளிம்பு பிஸ்டன் சீலைக் கிழித்துவிடும். சிலிண்டரின் முன்பகுதியில் போட்டால் காற்றும் அந்த வழியாகவே போய்விடும். ஒருவர் இப்படிச் செய்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தார், சிலிண்டரையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. காற்று அடைத்து வைக்கும் பி.சி.பி. ரைஃபிளில் இதைச் செய்தால் செலவோடு முடியாது. அதன் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் நிற்கிறது, கார் டயரில் இருப்பதைப்போல் எண்பது தொண்ணூறு மடங்கு. உயிருக்கே ஆபத்து.

சரி, இப்போது பரவுகிற விஷயத்துக்கு வருகிறேன். பேரல் மடங்குகிற ரைஃபிளுக்கு பீப் சரிவராது என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள், சொல்லாவிட்டால் இனிமேல் சொல்வார்கள். காரணம் நியாயமானதுதான். பழைய ஓபன் சைட்டில் ரியர், ஃபிரண்ட் இரண்டும் பேரலோடு சேர்ந்தே இருந்தன. மூட்டில் கொஞ்சம் ஆட்டம் இருந்து, மூடும்போது பேரல் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் உட்கார்ந்தாலும் இரண்டு சைட்டும் கூடவே நகர்ந்துவிடும், குறி கெடாது. பீப்பை ரிசீவருக்குக் கொண்டுபோனதும் ஒரு சைட் மூட்டுக்கு இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம். மூட்டின் ஆட்டம் முழுக்க இப்போது கணக்கில் வரும். பேரல் அசையாமல் அடியிலோ பக்கத்திலோ இருக்கும் லீவரை இழுத்து லோடு செய்கிற ஸ்பிரிங் ரைஃபிள்களில் இந்தத் தொல்லை கிடையாது.

ஆனால் எவ்வளவு என்று பாருங்கள். மூட்டிலிருந்து ஃபிரண்ட் சைட் வரை 400 மி.மீ. என்றால், பேரல் முனை 0.3 மி.மீ. தள்ளி உட்கார்ந்தால் 10 மீட்டரில் பெல்லட் ஏழரை மில்லிமீட்டர் விலக வேண்டும். ஆனால் ஃபிரண்ட் சைட்டும் அதே முனையில்தானே இருக்கிறது? அதுவும் நகர்ந்திருப்பதால் பாப்பா தெரியாமலேயே துப்பாக்கியை எதிர்ப்பக்கம் திருப்பிச் சரி செய்துவிடுவாள். அந்தத் திருத்தம் 4.3 மி.மீ. வரும். மிச்சம் மூன்று மில்லிமீட்டர் சொச்சம். ஏர் ரைஃபிள் டார்கெட்டில் வளையத்துக்கு வளையம் இடைவெளி 2.5 மி.மீ. ஆக இது ஒரு பாயின்ட்டைத் தின்னும், போட்டியில் ஒரு பாயின்ட் பெரிய விஷயம்தான். ஆனாலும் நாணய அளவு குரூப்பை, அதாவது பெல்லட்கள் சேர்ந்து விழுந்த கூட்டத்தை, டீ கிளாஸ் அளவுக்கு விரிக்க இந்த ஆட்டம் போதாது. அந்த அளவுக்கு விரிய வேண்டுமென்றால் மூட்டு கடகடவென்று சத்தம் போடும், நீங்களே கவனித்திருப்பீர்கள்.

இருந்தாலும் மூட்டைச் சோதித்துவிடுங்கள், பெல்லட் கூடத் தேவையில்லை. துப்பாக்கி காலி என்று உறுதி செய்துகொண்டு, பழைய சைக்கிள் டியூப் சுற்றி வைஸில் மெதுவாகப் பிடியுங்கள். பீப் வழியாகப் பார்த்து ஃபிரண்ட் சைட் எந்த இடத்தைத் தொடுகிறது என்று எதிர்ச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பேரலை மூட்டு விடுபடும் அளவுக்கு மட்டும் லேசாகத் திறந்து மூடுங்கள், ஸ்பிரிங் ஏறும்வரை இழுக்க வேண்டாம். ஐந்தாறு முறை செய்து, ஒவ்வொரு முறையும் ஃபிரண்ட் சைட் அதே குறிக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பவில்லை என்றால் மூட்டின் போல்ட்டை இறுக்கினால் பல நேரம் சரியாகிவிடும். அதிலும் அடங்காவிட்டால் வாஷர் தேய்ந்திருக்கும், மாற்ற வேண்டும்.

அடுத்தது கவ்விப் பிடித்திருக்கும் அடிப்பாகம். ஸ்பிரிங் ரைஃபிள் உதைக்கிற விதம் வேறு மாதிரி. ட்ரிகரை அழுத்தியதும் பிஸ்டன் முன்னால் பாய, துப்பாக்கி பின்னால் வரும். பிஸ்டன் முட்டி நின்றதும் துப்பாக்கி சட்டென்று முன்னால் போகும். அந்த இரண்டாவது உதறலில் மேலே மாட்டியிருக்கும் எதுவும் பின்னால் நழுவப் பார்க்கும். டவ்டெயில் 11 மி.மீ. என்று எல்லோரும் சொல்வார்கள். வெர்னியர் வைத்துப் பார்த்தால் ரைஃபிளுக்கு ரைஃபிள் அகலமும் சரிவும் மாறுகிறது. வேறு நாட்டு ரைஃபிளுக்குச் செய்த பீப் நம்முடையதில் கவ்வும் பல் முழுதும் பதியாமல் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். கையால் தொட்டால் இறுகியிருப்பது போலத் தெரியும், சுடும்போது பக்கவாட்டில் ஆடும். பீப் முனையில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் 10 மீட்டரில் 14 மி.மீ. கழற்றி, பள்ளத்தையும் பல்லையும் தின்னர் தொட்ட துணியால் எண்ணெய் போகத் துடையுங்கள். பல்லின் மேல் மார்க்கர் மையைத் தடவி மாட்டிக் கழற்றினால் எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்று தெரிந்துவிடும். சரியாகப் பதிந்தால் நீல நிற லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு ஆலன் போல்ட்டை முடுக்குங்கள். சிவப்பு வேண்டாம், அது சூடு பண்ணாமல் கழலாது. அப்புறம் பீப்பின் அடிப்பாகத்துக்கும் டவ்டெயிலுக்கும் குறுக்கே நெயில் பாலிஷால் மெல்லிய கோடு ஒன்று போடுங்கள். ஐம்பது பெல்லட் சுட்டபின் கோடு உடைந்திருந்தால் நழுவுகிறது என்று அர்த்தம். அப்போது பின்னால் ஒரு தடுப்பு மாட்ட வேண்டும்.

மூன்றாவது காரணத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்: துளையின் அளவு. நீங்கள் அளவு எழுதவில்லை. டிரில் பிட்டின் வழவழப்பான தண்டை உள்ளே விட்டு எந்த அளவு நுழைகிறது என்று பாருங்கள். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நுழைந்தால் பரவலுக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். பீப் வேலை செய்கிற விதத்தைச் சொன்னால் உங்களுக்கே புரியும். துளை கண்மணியைவிடச் சின்னதாக இருக்கும்போது கண் எங்கே இருந்தாலும் ஒளி அந்தத் துளை வழியாக மட்டுமே வர முடியும். ஆகவே பார்வைக் கோடு துளையின் நடுவில் கட்டிப்போட்டது போல நிற்கும். கூடவே, சின்னத் துளை வழியாகப் பார்க்கும்போது பக்கத்தில் இருக்கிற ஃபிரண்ட் சைட்டும் தூரத்தில் இருக்கிற டார்கெட்டும் இரண்டுமே ஓரளவு தெளிவாகத் தெரியும். கண்ணாடி போடுகிறவர்கள் விரல்களைக் குவித்துச் சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தால் எழுத்து தெளிகிறதே, அதே சங்கதி. துளை ஐந்து மில்லிமீட்டர் என்று ஆகிவிட்டால் கண்மணி அதற்குள் இங்கும் அங்கும் உலாவலாம். கண் நடுவிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் விலகினால் டார்கெட்டில் 21 மி.மீ. விலகும். ஒரு தடவை இந்தப் பக்கம், மறு தடவை அந்தப் பக்கம் என்றால் நான்கு சென்டிமீட்டர். டீ கிளாஸ் வந்துவிட்டதா?

பழகிய வேட்டைக்காரர் கன்னத்தை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வைப்பார், அவருக்குப் பெரிய துளை போதும். மானின் நெஞ்சுப் பகுதி நம் டார்கெட் கார்டைவிடப் பெரியது என்பதால் சின்ன விலகல் அவருக்குத் தெரியவும் தெரியாது. 10 மீட்டர் போட்டி ரைஃபிளில் துளை ஏறக்குறைய 1.0 முதல் 1.3 மி.மீ. வரைதான் இருக்கும். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், 2012 லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நாரங் வெண்கலம் வாங்கியதும் இப்படிச் சின்னத் துளை பீப் வழியாகப் பார்த்துத்தான். நீங்கள் வாங்கிய பெட்டியை மறுபடி பாருங்கள். இந்த மாதிரி பீப்களில் துளை ஒரு சின்ன வட்டத் தகட்டில் இருக்கும், தகடு மரையில் ஏறும். தகட்டைக் கழற்றிவிட்டால் வெறும் பெரிய வளையம்தான் மிச்சம். அது பெட்டி மூலையிலேயே கிடந்து, நீங்கள் வளையத்தை மட்டும் வைத்துச் சுட்டிருக்கவும் கூடும். தகடு இல்லையென்றால் அதே மரைக்குப் பித்தளையில் ஒன்று கடைந்து நடுவில் 1.2 மி.மீ. துளை போடச் சொல்லுங்கள். உள்பக்கத்தைக் கறுப்பாக்க வேண்டும், பளபளப்பாக விட்டால் கண் கூசும். ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போக வேண்டாம், இருட்டும், விளிம்புகளும் மங்கும்.

சின்னத் துளைக்கு வெளிச்சம் வேண்டும். தெருக்கதவிலிருந்து பின்கட்டு வரை நீளும் நடையில் டார்கெட் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் 10 மீட்டர் கிடைக்கிற ஒரே இடம் அதுதான், ஆனால் பகலிலும் இருட்டு. டார்கெட்டின் மேல் நேராக விழும்படி ஒரு நல்ல எல்.இ.டி. விளக்கைப் போட்டு, அவள் நிற்கும் இடத்தை மிதமாக வைத்தால் போதும். விளக்கு அவள் கண்ணில் படாமல் இருக்கட்டும். டார்கெட்டுக்குப் பின்னால் பழைய துணி திணித்த இரும்புப் பெட்டி இருக்க வேண்டும். பின்கட்டுக் கதவு வெளியிலிருந்து திறக்க முடியாதபடி தாழ் போட்டிருக்க வேண்டும். சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், பெல்லட் ஈயம். பேரல் திறந்திருக்கும்போது ஒரு கை எப்போதும் பேரலைப் பிடித்திருக்க வேண்டும். ட்ரிகர் நழுவினால் பேரல் திரும்பி அடிக்கிற வேகத்தில் விரல் எலும்பு உடையும்.

ஃபிரண்ட் சைட்டைக் குழாய் வடிவத்துக்கு மாற்றினால் உள்ளே குச்சிக்குப் பதிலாக வளையம் போடுங்கள். கறுப்பு வட்டத்தின் மேல் கறுப்புக் குச்சியை நிறுத்தினால் எது எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வளையத்துக்குள் கறுப்பு வட்டம், அதைச் சுற்றி ஒரே சீராக வெள்ளை என்றால் கண் தானாகவே நடுவைக் கண்டுபிடிக்கும். டார்கெட்டின் கறுப்பு 30.5 மி.மீ.; கண்ணிலிருந்து 80 செ.மீ. தள்ளி இருக்கும் ஃபிரண்ட் சைட் இருக்கிற இடத்தில் அது சுமார் 2.4 மி.மீ. அளவுக்குத் தெரியும். வளையத்தின் உள்ளளவு மூன்றரையிலிருந்து நான்கு மில்லிமீட்டர் வரை இருந்தால் வெள்ளை தாராளமாகக் கிடைக்கும். வளையத்தை இறுக்கமாகப் போட்டால் குறி துல்லியமாகும் என்று நினைக்கத் தோன்றும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது ஆகாது, வெள்ளை தெரியாமல் திணறி ட்ரிகரை வெடுக்கென்று இழுப்பார்கள்.

இன்னும் ஒன்று, இதைப் பாப்பாவைக் கவனித்துத்தான் கண்டுபிடிக்க முடியும். சைட் உயர்ந்துவிட்டது, ஆனால் கன்னம் வைக்கும் கட்டை உயரவில்லை. அப்படியென்றால் அவள் கழுத்தை நீட்டித் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள், அல்லது துப்பாக்கியைத் தன் பக்கம் சாய்த்துக்கொள்கிறாள். தலை மிதந்தால் மேலே சொன்ன கண் விலகல் இன்னும் மோசமாகும். துப்பாக்கி ஐந்து டிகிரி சாய்ந்தால் 10 மீட்டரில் ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர் பக்கவாட்டில் போகும், இரண்டு வளையம். கட்டையின் மேல் ஃபோம் ஷீட்டை மடித்து வைத்துத் துணி டேப்பால் சுற்றுங்கள். கண்ணை மூடிக் கன்னத்தைச் சாய்த்துவிட்டுக் கண் திறக்கச் சொல்லுங்கள். திறந்ததும் பீப்பின் நடுவில் ஃபிரண்ட் சைட் தெரிந்தால் உயரம் சரி. அதுவரை ஃபோமைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். துளையைப் பார்க்காதே, துளை வழியாகப் பார், ஃபிரண்ட் வளையத்தைப் பார் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இரண்டு மாதத்தில் போட்டி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் எந்தப் பிரிவில் பெயர் கொடுத்திருக்கிறாள்? நம் நாட்டுப் போட்டிகளில் ஓபன் சைட் ஏர் ரைஃபிள் தனி, பீப் சைட் தனி. ஓபன் சைட் பிரிவு என்றால் பீப் மாட்டிய ரைஃபிளோடு உள்ளே விடமாட்டார்கள். அப்படியானால் இப்போதைக்குப் பீப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய சைட்டிலேயே பழகட்டும் என்பது என் கருத்து. போட்டி முடிந்த பிறகு நிதானமாக மாற்றலாம். பயிற்சியாளரிடம் இன்றே கேட்டுவிடுங்கள். லைசென்ஸ் பற்றிய உங்கள் கவலை தேவையில்லை. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. துளைக்கு மேலோ, 20 ஜூல் சக்திக்கு மேலோ போனால்தான் ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டும். சைட் மாற்றுவதால் இரண்டும் மாறாது.

வண்ணாரப்பேட்டைக்குக் கடல் பக்கம்தான். புது பீப்பின் ஸ்குரூக்கள் மேல்பூச்சு மெல்லியதாக இருந்தால் ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்து இறுகிவிடும். காசிமேட்டிலிருந்து வந்த ஒரு பையனின் பீப்பில் மேல்கீழ் நகர்த்தும் திருகு மொத்தமாக ஒட்டிப்போயிருந்தது. வாரம் ஒரு முறை மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். கவ்வும் பல்லில் மட்டும் எண்ணெய் படக் கூடாது.

செய்கிற வரிசை முக்கியம். முதலில் துளையை அளந்து தகட்டைத் தேடுங்கள், பிறகு அடிப்பாகம், பிறகு மூட்டு, பிறகு கன்னக் கட்டை. இவை முடிந்து குரூப் பழையபடி நாணயத்துக்குள் வந்தபின்தான் ஃபிரண்ட் சைட்டின் உயரத்தைக் கணக்குப் போட்டு லேத்துக்குப் போங்கள். பரவி விழுகிற குரூப்பின் நடு எது என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. அதை நம்பி உயரம் போட்டால் பித்தளைதான் வீண். துளையின் அளவையும், இரண்டு சைட்டுக்கும் இடையே உள்ள தூரத்தையும், மூட்டுச் சோதனையில் என்ன தெரிந்தது என்பதையும் எழுதுங்கள். அதை வைத்து உயரக் கணக்கை நானே போட்டுத் தருகிறேன்.